கோட்டுக்குப் பின்னால் விழுந்த குரல்

12 ஜூன் 2006

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சின்ன அறையில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் இரண்டு நாள் வந்து ரெக்கார்டிங் மென்பொருளைச் சொல்லித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஹார்மோனியத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கீபோர்டையும் யாரும் சொல்லித் தரவில்லை. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் எந்த டிரைவர் பிந்துவான், பிந்திவிட்டு என்ன பொய் சொல்லுவான் என்பதையும் நானேதான் கற்றுக்கொண்டேன். உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டில் அகராதி இருக்கிறது. போதும்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் இத்தனை வருடம் ஹார்மோனியம் வாசித்தவனை, "தாளத்தில் ரொம்பக் கறார், ஜனங்களால் கூடப் பாட முடியவில்லை" என்று சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் பேசி இறக்கினார்கள். அந்த இடத்தில் இப்போது செல்வின் இருக்கிறான். பாடகர் குழுவுக்கும் அவன்தான் தலைவன். இருக்கட்டும். என் பாட்டுகளை என் வீட்டிலேயே பதிந்து ஓர் ஆல்பம் போடுவேன். தாளம் என்றால் என்ன என்று பாளையங்கோட்டை முழுக்கக் கேட்கட்டும்.

பாடுவதற்கு என் மனைவி சுகிர்தம் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் விளக்குகளை அணைத்த பிறகு முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள்தான். அந்த ஒரு சரணத்துக்காக வருடம் முழுக்க வெந்நீர் குடிப்பவள். "செல்வினுக்குப் பாடுற மாதிரி எனக்கும் பாடு" என்றேன்.

"ஒங்களுக்குப் பாடாம வேற யாருக்குப் பாடப் போறேன்" என்றாள்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

3 ஜூலை 2006

முதல் பதிவு. முறை இதுதான்: முதலில் நான் கீபோர்டை வாசித்துப் பதிவேன். பிறகு அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவள் பாடுவாள். திரையில் என் கீபோர்டின் தாளத்துக்கு ஒரு கோடு நிற்கும். குரல் அலையாக வரும். அலை கோட்டில் தொடங்க வேண்டும்.

தொடங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் கோட்டுக்குப் பின்னால் விழுகிறது. திரும்பக் கேட்டால் காதுக்கும் தெரிகிறது. கீபோர்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறாள். இத்தனை வருடம் சபையில் இது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று யோசிக்கிறேன். கும்பலோடு பாடினால் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் கும்பல் இல்லை.

20 ஜூலை 2006

இன்றும் அப்படியே. ஒரே பல்லவியைக் காலை முழுக்கப் பாடினாள். எல்லாம் பிந்துகிறது. அதுவும் ஒரே அளவாகப் பிந்துகிறது. அத்தனை ஊறிப்போன பழக்கம்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். "எனக்குச் சரியாத்தான் கேக்கு. ஒங்க பெட்டிக்குத்தான் காது மந்தம் போல."

"பெட்டிக்குக் காது கிடையாது. அதனாலதான் அது பொய் சொல்லாது."

"அப்ப நீங்க ஒருக்கா பாடிப் பாருங்களேன். ஒங்களுது எங்க விழுதுன்னு பாப்போம்."

நான் பாடகன் இல்லை என்றேன். டிரைவர் பிந்தினால் டைம் கீப்பர் ஏறி வண்டி ஓட்டிக் காட்டுவதில்லை.

பிந்திய பதிவுகளை அழிக்கவில்லை. 'தள்ளுபடி' என்று ஒரு போல்டர் திறந்து அதில் போட்டு வைக்கிறேன். பின்னால் கேட்டால் அவளுக்கே புரியும்.

9 மே 2007

கத்தரி வெயில். பதிவின்போது மின்விசிறி ஓடக் கூடாது, அந்தச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஜன்னலில் பழைய மெத்தையைக் கட்டியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் தெருவில் போகும் ஆட்டோக்காரனெல்லாம் என் பாட்டில் பாடுவான்.

இரண்டாம் சரணத்துக்கு முன் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் குடித்தால் குரலின் நிறம் மாறும், ஒட்டவைத்தால் தெரியும், முடித்துவிட்டுக் குடி என்றேன். கடைசி அடியின் நடுவில் கீழே சாய்ந்துவிட்டாள். மைக் ஸ்டாண்டும் சேர்ந்து விழுந்தது. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் சரியாகிவிட்டாள்.

நல்ல உணர்ச்சியோடு வந்த பதிவு. விழுந்த சத்தம் ஏறிவிட்டது. அது இல்லாவிட்டாலும் பயன் இல்லை, விழும் வரைக்கும் பிந்திக்கொண்டுதான் இருந்தாள். தள்ளுபடி.

17 நவம்பர் 2008

மின்வெட்டு. சேமிப்பதற்குள் ஒரு முழுப் பாட்டு போயிற்று. சுகிர்தம் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

4 பிப்ரவரி 2009

வழி கண்டுபிடித்துவிட்டேன். பிந்துகிறவளைப் பிந்தாதே என்றால் நடக்காது. முந்தச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சரியான இடத்தில் வந்து நிற்பாள்.

மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். தாளம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் தொடங்க வேண்டும். காதில் கேட்பதை நம்பாதே, கையில் விழுவதை நம்பு என்றேன்.

"சின்னப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுக்க மாதிரி இருக்கு" என்றாள்.

"பிள்ளைகள் சீக்கிரம் படிச்சிரும்" என்றேன்.

தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

22 செப்டம்பர் 2009

இன்று ஸ்கேல் இல்லாமலே பாடினாள். திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் கோட்டின்மேல் நிற்கிறது. இதற்காக எத்தனை மாதம். செல்வினை ஒரு வருடம் இப்படி நிற்கச் சொல்லுங்கள், ஓடியே போவான்.

"இப்பச் சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கு என்னமோ ஒங்களுக்கு முன்னாடி ஓடுத மாதிரியே இருக்கு. யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளுதாப்ல."

"அது உன் பழைய புத்தி. அதை விடு."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மத்தியானம் சாளை மீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

11 டிசம்பர் 2010

கீத ஆராதனைக்கு ஒத்திகை. சுகிர்தம் திரும்பிவந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் முதல் சரணத்தை எடுத்ததும் செல்வின் கையை உயர்த்தி, "மதினி, கொஞ்சம் பொறுத்து வாங்க, ஆர்கன் இன்னும் ஆரம்பிக்கல்ல" என்றானாம். மறுபடி எடுத்தாள். மறுபடியும் நிறுத்தினான். பின்வரிசையில் ராஜாத்தி, "சுகிர்தம் அக்காவுக்கு பஸ்ஸ புடிக்கணும்லா, வீட்டுல டைம் கீப்பரு காத்துக்கிட்டு இருப்பாவ" என்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம்.

சொல்லி முடித்தபோது இவள் சிரிப்பும் நின்றுவிட்டது. "நான் முந்துதேனாம். எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

அவர்கள் எல்லோரும் பிந்துகிறார்கள் என்றேன். செல்வின் கைக்குக் கீழ் ஒரு சபையே பிந்துகிறது. நேரத்துக்கு வரும் ஒரு வண்டி பிந்துகிற வண்டிகளின் கண்ணுக்கு முந்தியதாகத்தான் தெரியும்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றாள். ஆனால் சாப்பிடவில்லை.

10 டிசம்பர் 2011

முதல் சரணத்தை ராஜாத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். செல்வின் வீட்டுக்கே வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "மதினி, கோபப்படாதிய. நீங்க முன்னால போயிருதிய, குழு பின்னால நிக்கு. வெளக்க அணச்ச பெறவு கையக் காட்டவும் முடியாது." அவள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

அவன் போனபின் பாடகர் குழுவின் வெள்ளை அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பாடாமல் வரிசையில் நிற்கத் தெரியாது என்றாளாம்.

இனி குழு ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்த புதன், சனி மாலைகளும் பதிவுக்குக் கிடைக்கும்.

18 மே 2014

மகள் பியூலா ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். வந்தது முதல் வம்பு.

"அப்பா, அம்ம அடுப்படில பாடுனா நல்லாத்தான இருக்கு. ஒங்க ரூமுக்குள்ள போனா மட்டும் எப்படித் தப்பாகு?"

"அடுப்படியில கோடு கிடையாது."

"எட்டு வருசமா ஒரு ஆல்பமும் வரல்ல. அம்மைக்குப் பாட்டும் போச்சு. யாருக்காக இதெல்லாம் செய்திய?"

தாளத்துக்காக என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சுகிர்தம்தான் நடுவில் புகுந்து, "அப்பா சொன்னா அதுல ஒரு காரியம் இருக்கும், நீ பேசாத" என்றாள். பெற்ற தாய்க்கு இருக்கிற மரியாதை படித்த மகளுக்கு இல்லை.

2 மார்ச் 2016

ஆல்பம் எப்போது என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கோட்டில் நிற்கிறாள், ஆனால் குரலில் பழைய உணர்ச்சி இல்லை. சரியாகும்போது.

5 ஆகஸ்ட் 2018

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது. பியூலா புதியது ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். மென்பொருளும் புதியது. மாப்பிள்ளை போனில் சொல்லித் தருவதாகச் சொன்னார். என் பதில் அவருக்கு முன்பே தெரியும் போல, வற்புறுத்தவில்லை.

7 ஆகஸ்ட் 2018

புதிய மென்பொருள் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறது. ஹெட்போனை மைக்கின்மேல் வைக்க வேண்டும். அதுவே ஹெட்போனில் 'டக்' என்று ஒரு சத்தத்தை அனுப்புகிறது. அதையே மைக் வழியாகத் திரும்ப வாங்குகிறது. சத்தம் போய்த் திரும்பிப் பதிவாவதற்குள் கம்ப்யூட்டர் எவ்வளவு தாமதம் செய்கிறது என்று அளந்து, அந்த அளவுக்குப் பதிவை முன்னால் நகர்த்திவைக்கிறது. பாடுகிறவர் சரியாகப் பாடினாலும் கம்ப்யூட்டர் தாமதமாகத்தான் எழுதிக்கொள்ளுமாம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் உள்ளதுதானாம்.

உதவிப் பக்கத்தை மறுபடி படித்தேன். அகராதியையும் எடுத்துப் பார்த்தேன்.

8 ஆகஸ்ட் 2018

சுகிர்தம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். என் கீபோர்டுப் பதிவை ஹெட்போனில் ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கின்மேல் கவிழ்த்துப் பதிந்தேன். பாடியவர் யாரும் இல்லை. கீபோர்டு கீபோர்டையே கேட்டுப் பதிந்தது.

கோட்டுக்குப் பின்னால் விழுந்தது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம்.

இது அந்தக் காலத்து மென்பொருள் செய்தவர்களின் குறை. உதவிப் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அல்லது நான் பார்க்காத பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அவள் வருவதற்குள் பழையதை அணைத்துத் துணி போட்டு மூடிவிட்டேன். முருங்கைக்காய் வாங்கி வந்திருந்தாள்.

2 செப்டம்பர் 2018

புதிய கம்ப்யூட்டரில் முதல் பதிவு. சோதனை அளவு சேர்ந்துவிட்டது. பாடினாள். ஒவ்வொரு சொல்லும் கோட்டுக்கு முன்னால் விழுகிறது.

"முந்துற" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "முந்தணும்னுதான சொன்னிய?"

"அளவு வேண்டாமா? இவ்வளவு முந்தச் சொன்னேனா?"

மறுபடி பாடினாள். அதே இடம். இரண்டு மணி நேரம் நின்றாள், அதே இடம். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "மிஷின்ல எதையாவது மாத்தினியளா?"

இல்லை என்றேன். நான் மாற்றவில்லை, சரிசெய்தேன். இரண்டும் வேறு.

14 அக்டோபர் 2018

செல்வின் வந்தான். தலை நரைத்துவிட்டது. வரும் கிறிஸ்துமஸ் சபைக்கு நூற்றைம்பதாவது. பழைய ஆட்களெல்லாம், "முதல் சரணத்த சுகிர்தம்தான் பாடணும், அந்தக் குரல ஒருக்கா கேக்கணும்" என்கிறார்களாம்.

"மதினி, நீங்க முன்னால போனாலும் சரி. நாங்க ஓடிவந்து புடிச்சுக்கிடுதோம்."

சுகிர்தம் கையில் காப்பித் தட்டோடு நின்றாள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய வெளிச்சத்தைப் பார்க்கிறேன். என்னைக் காட்டி, "அவ்வோட்ட கேளுங்க. அவ்வோ சரின்னு சொன்னா வாரேன். தப்பாப் பாடி ஒங்க எல்லாரையும் கெடுக்கக் கூடாதுல்லா" என்றாள்.

பயிற்சி செய்து பார்க்கட்டும் என்றேன். செல்வின் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

19 நவம்பர் 2018

தினமும் பயிற்சி. அவளே கேட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். ஒரு நாள் முந்துகிறாள். முந்துகிறாய் என்றால் மறுநாள் பயந்து பின்னால் போய் நிற்கிறாள். இன்று தாளம் வந்தபோது வாயைத் திறந்து, மூடி, என் முகத்தைப் பார்த்தாள். பாட்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் முந்துதேனா, பிந்துதேனா? ஒரு சொல்லு சொல்லுங்க. எனக்கே தெரியல்ல. முன்னால எனக்குன்னு ஒரு எடம் இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டு அதுல போயி நிப்பேன். அது இப்பக் காங்கல்ல. மொதல்ல இருந்தே எனக்குத் தாளம் கெடயாதா?"

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

"பயிற்சி போதாது" என்றேன்.

கரண்ட் பில் கட்டினேன்.

1 டிசம்பர் 2018

தள்ளுபடி போல்டரை எடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு பாட்டிலும் அவள் குரலை மட்டும் பிடித்து, அந்த ஐந்தில் ஒரு பங்கு முன்னால் நகர்த்தினேன். வேறு எதையும் தொடவில்லை. தொடுவதற்கு எதுவும் இல்லை.

முதல் பாட்டிலிருந்து எல்லாச் சொற்களும் கோட்டின்மேல் நிற்கின்றன. கீபோர்டும் குரலும் ஒரே மூச்சாக வருகின்றன. வெயிலில் விழுந்த நாளின் பாட்டையும் நகர்த்தினேன். கடைசி அடி, நாக்கு வறண்டு குரல் நடுங்குகிறது, ஆனால் தாளத்தில் ஒரு மயிரிழை விலகவில்லை. அதன்பிறகு அந்தச் சத்தம். அதுவும், சொன்னால் நம்பமாட்டார்கள், தாளத்தில்தான் விழுகிறது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். ஆல்பத்துக்குப் பாட்டுகள் கிடைத்துவிட்டன.

8 டிசம்பர் 2018

சுகிர்தத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது யாரு?" என்றாள்.

"நீதான். ஆரம்பத்தில் பாடினது."

"நானா?" ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. மறுபடி போடச் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, துடைக்கவில்லை. "அப்ப எல்லாம் பிந்தித்தான இருந்துச்சு?"

"ஆமா. சரி பண்ணியிருக்கேன்."

"எம்புட்டு நாளு ஒக்காந்து திருத்துனிய? ஒவ்வொரு சொல்லா எடுத்து வச்சியளாக்கும்? என்னால ஒங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்."

பரவாயில்லை என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு மெலிந்திருக்கிறது. பிறகு கேட்டாள்: "இதே மாதிரி கோயில்ல பாடும்போதும் திருத்த முடியுமா? செல்வின்ட்ட சொல்லி இந்த மிஷின அங்க கொண்டுபோயி வச்சா?"

"நேரில் பாடும்போது மிஷின் ஒண்ணும் பண்ணாது."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அப்ப நான் வரல்லன்னு செல்வினுக்கு போன் போட்டுச் சொல்லிருங்க. திருத்தாம நான் எப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியாதா? இது போதும். இது நல்லா இருக்கு."

போன் செய்து சொல்லிவிட்டேன். செல்வின் காரணம் கேட்டான். அவள் விருப்பம் என்றேன்.

23 டிசம்பர் 2018

கீத ஆராதனை. பாட்டுகளைப் பென் டிரைவில் போட்டுச் செல்வினிடம் முன்பே கொடுத்திருந்தேன். ஆராதனை தொடங்கும் முன், ஜனங்கள் வந்து உட்காரும் நேரத்தில், ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. பெண்கள் பகுதியில் ஒவ்வொரு தலையாகச் சுகிர்தத்தைத் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள்.

விளக்குகளை அணைத்தார்கள். முதல் சரணத்தை ராஜாத்தி பாடினாள். பிறகு எல்லோரும் எழுந்து பாடினோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுகிர்தத்தைப் பார்த்தேன். புத்தகம் திறந்திருந்தது. மற்றவர்கள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் சேர்ந்த பாட்டில்கூட வாயைத் திறக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ராஜாத்தி அவள் கையைப் பிடித்து, "அக்கா, என்னமாப் பாடிருக்கிய" என்றாள். செல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டு எப்ப பதிஞ்சது? தாளம் ஒரு இம்மி வெலகல்லியே. இப்படிப் பாடுதவங்களா எங்கள்ட்ட வந்து முந்துனாவ? எனக்கு ஒண்ணும் புரியல்ல."

நான் வாயைத் திறக்கும் முன்னே சுகிர்தம் சொல்லிவிட்டாள். "நான் பாடினது எல்லாம் தப்பாத்தான் இருந்துச்சு, செல்வின். மொதல்ல பிந்தினேன், பெறவு முந்தினேன். அவ்வோதான் வருசக்கணக்கா ஒக்காந்து ஒண்ணொண்ணாச் சரி பண்ணினாவ. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

செல்வின் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அப்படியா, அண்ணாச்சி?"

அவள் என் பக்கத்தில், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்றேன். திருத்தியது நான்தானே.